பாவாடை வைத்த நீச்சலுடை

நாமக்கல்லில் என் மகளை நீச்சல் போட்டிப் பயிற்சிக்குச் சேர்த்தபோது, முழங்கால் வரை பாவாடை வைத்த தொளதொளப்பான நீச்சலுடை ஒன்றை நானே தேடி வாங்கினேன். பத்தே நாளில் பயிற்சியாளர் போன் செய்தார்.

"போட்டிக்கு இது ஆகாதுங்க. பாவாடை இல்லாம, உடம்போட ஒட்டுனாப்புல வாங்குங்க."

பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இறுக்கமான உடையா? எனக்கு அந்த ஆள்மேல் சந்தேகம் விழுந்தது. மூன்று நாள் நீச்சல் குளத்தருகே உட்கார்ந்து, அவர் கண் போகிற இடமெல்லாம் கவனித்தேன். தப்பாக எதுவும் தெரியவில்லை. சாமர்த்தியமாக நடிக்கிறார் என்று நினைத்தேன். நாலாம் நாள் மற்ற பெற்றோர் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"பொம்பளப் புள்ள என்ன துணி போடோணும்னு நீங்க எதுக்குங்க சொல்றீங்க?"

அவர் முகம் சுண்டிப்போனது. மூச்சிரைக்க ஏறி வந்த என் மகளிடம், உடை மாற்றிவிட்டு ஈரத்துணியை என்னிடம் கொடுக்கச் சொன்னார். வாங்கியதும் என் கை தாழ்ந்தது. இவ்வளவு பாரத்தையா இழுத்துக்கொண்டு நீந்தினாள்?

"சும்மா குளிக்கறதுக்கு இது நல்லதுதானுங்க. வேகமா நீந்தறப்ப பின்னால இழுக்கும்," என்றார்.

எல்லோர் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்டது தப்பில்லீங்க. தனியாக் கேட்டிருக்கலாம்."

வண்டியில் திரும்பும்போது மகள் சொன்னாள்: "எனக்கே அதப் போட்டு நீந்த முடியலம்மா. நீ என்னைய ஒரு வார்த்த கேக்கவே இல்ல."

மூன்று நாளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்த நான், தண்ணீரில் திணறிய என் பெண்ணைப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.