சிவப்புப் புள்ளி

திருச்சுழியில் நடந்த என் தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் நண்பராகச் சென்னையிலிருந்து வந்திருந்தார் அந்த இன்ஜினியர். குடோனில் லாரிகள் நெரிசலில்லாமல் லோடு இறக்க வழி என்ன என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஆள் ஒல்லி. சந்தோஷம் வந்தால் ஒற்றைக்காலில் குதிப்பார். அடிக்கடி வந்தது.

எங்கள் பந்தியையும் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினார். விருந்தாளிகள் பச்சைப் புள்ளிகள். உட்கார்ந்தன, சாப்பிட்டன, எழுந்தன. குதித்தார்.

நிஜப் பந்தியில் இலை போட்டும் பாதி நாற்காலி காலி. மாப்பிள்ளையின் தாய்மாமன் வாசலிலேயே நின்றார். அவர் பின்னால் பரளச்சியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுச் சனம் மொத்தமும்.

"ஏன் உட்காரலை?" என்றார் இன்ஜினியர்.

"மாமனக் கையப் பிடிச்சுக் கூப்பிடலைல சார். அவுக எப்பிடி வருவாக?" என்றேன்.

"அடடா, என் புள்ளிக்குக் கோவமே வராதே!" என்று ஒரு புள்ளியைச் சிவப்பாக்கித் தட்டினார். திரையில் பாதிப் பச்சை எழுந்து அதன் பின்னால் போய் நின்றது. குதியோ குதி! அதற்குள் அப்பா ஓடிப்போய் மாமன் கையைப் பிடிக்க, பந்தி நிறைந்தது.

கடைசிப் பந்தி முடியும்போதும் இன்ஜினியர் தூணோரமே நின்றார்.

"சாப்பிடலையா சார்?"

"யாரும் கூப்பிடலையே."

விளையாட்டா நிஜமா, இன்றும் தெரியவில்லை. நான் கையைப் பிடித்ததும் அவர் குதித்த குதியில் லேப்டாப் விழப் பார்த்தது.