வாசிக்கக் கூசிய சொல்

1. முதல் நாள்

வரதன் சாருக்குப் புத்தகம் வாசிக்கும் ரீடராகச் சேர்ந்த முதல் நாள், அரைப் பக்கம் வாசிப்பதற்குள் அவர் என்னை நிறுத்திவிட்டார்.

"அங்க ஒரு அடைப்புக்குறி இருக்கோ?"

இருந்தது. நான் அதைச் சொல்லாமல் தாண்டியிருந்தேன்.

"அதையும் சொல்லணும்மா. அடைப்புக்குறி தொடக்கம், அடைப்புக்குறி முடிவுன்னு. அடிக்குறிப்பு நம்பர் வந்தா அதுவும். உங்க வாய் வழியாத்தான் நான் புஸ்தகத்தைப் பாக்கறேன்."

சார் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். தாமிரபரணிக் கரையில் பெருமாள் கோயில் ஊர்க்காரர். பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் பி.காம். படித்துவிட்டு, ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இறக்குமதிச் சரக்குக்கான பில் ஆஃப் என்ட்ரி டைப் அடித்துக்கொண்டிருந்தவள். அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். கல்லூரியில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். பழந்தமிழ்ப் பாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது.

புதுப் புத்தகம் என்றால் கம்ப்யூட்டரில் ஸ்க்ரீன் ரீடர் வாசித்துவிடும். பழைய பதிப்பை ஸ்கேன் செய்து கொடுத்தால் அது உளறும். ஒட்டிக் கிடக்கும் சொற்களை எங்கே பிரிப்பது என்று அதற்குத் தெரியாது. இன்றைக்கும் அப்படித்தான். புது ரீடர்களான நீங்கள் இந்த வேலைக்கு வந்திருப்பதும் அதனால்தான்.

2. கிழிந்த பக்கம்

சார் அப்போது நெய்தல் பாட்டுகளை எடுத்திருந்தார். கடற்கரைக் காதல் பாட்டுகள். மதுரையில் நடக்கவிருந்த கருத்தரங்கில் அவற்றின் உள்ளுறை பற்றிப் பேச வேண்டியிருந்தது. உள்ளுறை என்றால் என்ன என்று கேட்டேன்.

"வெளியில ஒண்ணு சொல்லி, உள்ளுக்குள்ள வேறொண்ணை வைக்கறது. நாரையச் சொல்லுவா, நண்டைச் சொல்லுவா. சொல்ல வந்தது அதை இல்லை."

நாரையும் நண்டும் எனக்குச் சிரமம் தரவில்லை. நடுநடுவே தலைவியின் உடம்பைப் பற்றி வரும் சொற்கள்தான் வாயில் வரவில்லை. அறைக்கதவு எப்போதும் திறந்தே இருக்கும். வராந்தாவில் பையன்கள் போய்க்கொண்டிருப்பார்கள். எதிரே அப்பா வயசில் ஒரு ஆண். ஒரு நாள் அப்படி ஒரு சொல் வந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவினேன்.

சார் மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்பவர். விரல் நின்றது.

"அடி இடறுதே. ஒரு சீர் குறையறது."

"பக்கம் கிழிஞ்சிருக்கு சார்."

எப்படி அந்தப் பொய் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு பக்கங்களையும் உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை மெதுவாகத் தடவினார். ஓரங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். எங்கும் கிழியவில்லை. அது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"சரி, கிழிஞ்சிருக்கு. அடுத்த பாட்டுக்குப் போவோம்" என்றார்.

திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அடுத்த பாட்டை என்ன வாசித்தேன் என்று நினைவில்லை. மறுநாள் போனவுடன் நானே முந்தின நாள் பாட்டை எடுத்து, அந்தச் சொல்லோடு முழுதாக வாசித்தேன். காது சுட்டது. டாக்டர் கை காலைச் சொல்வது போல அவர் அந்தச் சொல்லைச் சொல்லி, பொருளைச் சொல்லி, மேலே போய்விட்டார்.

3. கட்டாத தோணி

கருத்தரங்கு நெருங்கியபோது, வீட்டில் கேட்பதற்குப் பாட்டுகளை ரெக்கார்ட் செய்து வாட்ஸாப்பில் அனுப்ப முடியுமா என்று சார் கேட்டார். மதியம் வீட்டு மாடியில் உட்கார்ந்து போனில் பேசி அனுப்ப ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. திருச்செந்தூர்ப் பக்கமிருந்து எனக்கு ஒரு சம்பந்தம். பெண் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், காபி குடிப்பார்கள், "அடுத்த மாசம் பேசிக்கிடுவோம்" என்று போவார்கள். தெருவில் எல்லாருக்கும் தெரியும். 'முடிவு பண்ணுங்க, இல்லேன்னா விட்டுருங்க' என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பெண் அப்படிச் சொன்னால், அவளுக்குத்தான் அவசரம் என்பார்கள்.

அன்று ரெக்கார்ட் செய்த பாட்டில் ஒரு தோணி வரும். கரையில் கட்டாமல் விட்ட தோணி. அலை வரும்போதெல்லாம் கரையில் வந்து முட்டிவிட்டுத் திரும்பும். அந்தச் சத்தத்தில் ஊர் உறங்கவில்லை என்று தலைவியின் தோழி தலைவனிடம் சொல்கிறாள். கடைசியில் தலைவியின் உடம்பு வாடியதைச் சொல்லும் வரியில் அந்த மாதிரிச் சொல் ஒன்று உண்டு. ரெக்கார்டில் லாரி ஹாரன் சத்தம் விழுந்துவிட்டது என்று நினைத்து அந்த வரியை மறுபடி வாசித்தேன். மூன்றாம் தடவையும் வாசித்தேன். அப்போது ஹாரன் ஒன்றும் கேட்கவில்லை.

ஆத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை மாடிப்படியில் நின்று அதைக் கேட்டிருக்கிறாள். அவள் வழியாகப் பேச்சு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு மார்க்கெட்டில் வெற்றிலை மொத்த வியாபாரம். மறுநாள் காலை மாப்பிள்ளையின் தாய்மாமா கடைக்கே வந்து, "அண்ணாச்சி, ஒங்க பிள்ள போன்ல ஒரு ஆம்பளைக்கு என்னமோ படிச்சி அனுப்புதாளாமே?" என்று ஆட்கள் நடுவில் கேட்டிருக்கிறார்.

அப்பா கடையை அப்படியே போட்டுவிட்டுக் கல்லூரிக்கு வந்தார்.

4. அப்பா கேட்டது

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "சார், கல்யாணமாவாத பிள்ளைய வச்சிக்கிட்டு என்னத்தப் படிக்கச் சொல்லுதிய? கடையில வந்து கேக்கான். நான் எங்கன போயி மூஞ்சிய வைக்க?"

வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. என்னால் நிமிர முடியவில்லை. அப்பாவை நினைத்தும் கூச்சமாக இருந்தது, சாரை நினைத்தும் கூச்சமாக இருந்தது.

சார் எழுந்து நின்றார். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"தப்பு என்னோடது, அண்ணாச்சி. எனக்கு இது பாடம். அவளுக்கு என்னவா இருக்கும்னு நான் ஒரு நாளும் கேக்கல. கேட்டிருக்கணும்."

அவ்வளவு பெரிய மனிதர், தன்னுடைய மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, எனக்காகக் கைகூப்பினார். என் வேலையில் நான் பட்ட வெட்கங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

அப்பா அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏளா, நேத்து மாடியில என்ன படிச்சியோ, அத இங்கன படி. நானும் கேக்கேன்."

புத்தகத்தை எடுத்தேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டால் அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. சாருக்குத் தெரியும், ஆனால் அன்று அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். இதெல்லாம் மனதில் ஓடியது. இருந்தும் முழுதாக வாசித்தேன். அந்தச் சொல் வந்தபோது அப்பா தரையைப் பார்த்தார். நானும் நிமிரவில்லை. பிறகு, கீழே இருந்த உரையையும் வாசித்து முடித்தேன்.

"தோணியல்லா சொல்லுது?" என்றார் அப்பா.

"ஆமா அண்ணாச்சி, தோணிதான்" என்றார் சார். மேற்கொண்டு ஒரு வார்த்தை விளக்கவில்லை.

அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

"வாரான், போறான். வாரான், போறான். கெட்டவும் மாட்டேங்கான்."

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் ஒரு வருஷமாகச் சொல்லாததைக் கேட்டுவிட்டவர் போல இருந்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது.

அப்பா எழுந்து சாரிடம், "சத்தம் போட்டுட்டேன் சார், மனசுல வச்சிக்கிடாதிய" என்றார். வாசலில் நின்று என்னிடம், "வீட்ல வச்சி ரெக்கார்டு பண்ணாண்டாம். இங்கன வச்சே படி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

5. அதற்குப் பிறகு

அன்று சாயங்காலமே அப்பா போன் போட்டு அந்தச் சம்பந்தத்தை விட்டுவிட்டார். கேட்டவர்களிடம் "ஒத்து வரல" என்றார். ஊர் அதை நம்பவில்லை. நான் எதையோ படித்ததால்தான் கல்யாணம் நின்றது என்று பேசினார்கள். மாதக்கணக்கில் நான் மார்க்கெட் பக்கம் போகவில்லை. அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். எனக்குக் கல்யாணம் ஆக அதன்பிறகு நாளாயிற்று.

சார் மதுரையில் பேசிவிட்டு வந்தார். அந்தத் தோணிப் பாட்டை மட்டும் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். காரணம் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பின் எந்த ரீடர் சேர்ந்தாலும், என்ன மாதிரிப் பாட்டுகள் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லி, சம்மதமா என்று கேட்டுக்கொள்வார். இப்போது புதியவர்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. நானும் கேட்கிறேன்.

இத்தனை வருஷத்தில் சொற்களின் கூச்சம் போய்விட்டது. எந்தப் பாட்டையும் எந்தச் சபையிலும் வாசிப்பேன். போகாத கூச்சம் ஒன்று இருக்கிறது. அன்று அப்பா முன்னால் முழுதாக வாசிக்க எனக்குத் தைரியம் வந்தது எதனால் என்று யோசித்திருக்கிறேன். வெற்றிலைக் கடைக்காரருக்கு இதில் என்ன தெரியப்போகிறது, தோணி என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்துத்தான் வாசித்தேன்.

அப்பாவும் நானும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவர் இப்போது இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும், அவருக்குப் புரியும் என்று நினைத்து வாசியுங்கள்.