இரும்புக்கடையில் ஒரு சட்டசபை

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவைதான் சட்டசபை உறுப்பினராக இருந்தார். அந்த ஒரு தடவைக்கே நான் பட்ட பாடு ஏழு ஜென்மத்துக்குக் காணும். ஆனாலும் யாராவது "அவர் அப்படி என்னதான் செய்தார்?" என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவர் செய்தது அத்தனையும் எனக்குத் தெரியும். எங்கள் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே ஒப்பித்தாரே, எப்படித் தெரியாமல் போகும்?

காரைக்கால் கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புக்கடை. ஆணி, தாழ்ப்பாள், மண்வெட்டி, கிணற்று ராட்டினம் என்று எல்லாம் கிடைக்கும். கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு திரைச்சீலைதான். பிரெஞ்சுக்காரன் போன புதிது. பாண்டிச்சேரியில் சபை கூடும்போது இவர் பஸ் ஏறுவார். எங்கள் தலைநகருக்குப் போக வேண்டுமானால் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று அடுத்த ராஜ்யத்தைக் கடந்துதான் போயாக வேண்டும். புழுதியும் அலுப்புமாகத் திரும்பி வந்து படுப்பவர், மறுநாள் காலையில் ஒரு ஆணிகூட நிறுக்க மாட்டார். கடை முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"இதுக்குக் கை தூக்கினேன். இதுக்குத் தூக்கல. இந்த விஷயம் எனக்கே புரியல, முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க. கடை தொறந்துட்டா வியாபாரந்தான்."

ஊரில் அதற்குத் 'திட்டு வாங்குற நாள்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவர் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். திட்டுகிறவர் முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது, நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போகக் கூடாது. வீட்டில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் குறுக்கே பேசுகிற மனிதர் இவர்தானா என்று திரைக்குப் பின்னால் நின்று வியப்பேன்.

முதல் சண்டை சாராயக்கடை விஷயத்தில் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு, இந்தப் பக்கம் கடை திறந்து கிடக்கும். பொழுது சாய்ந்தால் அக்கரைக் கூட்டம் முழுக்க இங்கேதான். திருவேட்டக்குடி மீன்காரப் பெண்கள் கூடையோடு வந்து, கரையில் படகு இறங்குகிற இடத்திலேயே கடை இருந்தால் மீன் விற்ற காசு வீடு வந்து சேருமா என்று கேட்டார்கள். இவர் சபையில் எழுந்து, கடற்கரையிலும் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலும் சாராயக்கடை கூடாது என்று பேசினார். கடை ஏலம் எடுத்தவர் எங்கள் பழைய சிநேகிதர். "தலைகீழா நின்னு உங்களுக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தேன்" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். சரி, அந்தப் பெண்களாவது மெச்சினார்களா? ஊரிலுள்ள எல்லாக் கடையையும் மூடச் சொல்லாமல் பாதியில் நிறுத்திவிட்டாரே என்று அவர்களும் திட்டினார்கள். இவர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

தப்புப் பண்ணினால் ஒத்துக்கொள்ளும் குணமும் இருந்தது. சபைக் காகிதமெல்லாம் பிரெஞ்சிலேயே வருகிறது, குடிமக்களுக்கு விளங்கும்படி தமிழில் வர வேண்டும் என்று விடாமல் கேட்டவர் அவர். அதே வேகத்தில், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சே வேண்டாம் என்றும் பேசிவிட்டு வந்தார். மறுநாள், பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் ஜவுளி வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பியிருந்த ஒரு மரைக்காயர் வந்தார். "தம்பி, உங்களுக்கு பிரெஞ்சு தெரியும். அதனால வேணாங்கறீங்க. எம்பேரனுக்கு யாரு சொல்லிக் கொடுப்பா? அவன் அங்கே கடையப் பாக்க வேணாமா?" என்று குரலை உயர்த்தாமல் கேட்டார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த கூட்டத்தில், தமிழ் கட்டாயம் வேண்டும், கேட்கிறவர்களுக்கு பிரெஞ்சும் இருக்கட்டும், போன தடவை நான் பேசியது சரியில்லை என்று சபையிலேயே சொன்னாராம். கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பெருமையாக இருந்தது.

இதுவரை எல்லாம் அடுத்த வீட்டுச் சங்கதி. பிறகுதான் எங்கள் தலையில் விழுந்தது.

தஞ்சாவூர் ஜில்லாவில் குத்தகைக்காரர்களை நினைத்த மாத்திரத்தில் நிலத்தை விட்டு வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. எங்கள் பக்கம் அது கிடையாது. வாய்க்காலுக்கு அந்தக் கரையில் உழுகிறவனுக்குப் பாதுகாப்பு, இந்தக் கரையில் உழுகிறவனுக்கு ஒன்றுமில்லை. இங்கேயும் வந்துவிடும் என்று பேச்சு அடிபட்டதுமே, நிலம் வைத்திருந்தவர்கள் முந்திக்கொண்டு ஆட்களை வெளியேற்றப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். மேற்கே, எங்கள் தொகுதிக்குள்ளேயே அவருக்கு வீடும் நிலமும் இருந்தன. பரம்பரையாகக் குத்தகைக்கு விட்ட நிலம்.

அந்தச் சட்டம் இங்கேயும் வேண்டும், வரும்வரை ஒருவரையும் வெளியேற்றக் கூடாது என்று பேசப் போவதாக இவர் சொன்னதும் எனக்கு அப்பாவின் நினைப்புதான் வந்தது. அம்மா இல்லாத வீடு அது. அப்பாவும் கோபித்துக்கொண்டால் எனக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

"காய்ச்சல்னு சொல்லி இந்தத் தடவை போகாம இருந்துடுங்களேன்" என்றேன்.

"அடுத்த கூட்டத்துக்கு?"

"அப்பவும் காய்ச்சல்."

சிரித்தார். போனார். பேசினார். அந்தப் பேச்சுக்கு அன்றே பலன் வந்துவிடவில்லை. சபை கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் இவர் ஊர் திரும்புமுன்பே சேதி என் அப்பாவுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கூட்டம் கூடியிருந்தது. மாட்டுவண்டி வந்து நின்றது. இறங்கியவர் என் அப்பா. எங்கள் பக்கத்தில் மாமனார் மாப்பிள்ளையைத் திட்டுகிற வழக்கம் கிடையாது. கோபம் வந்தால் வருத்தப்படலாம், சொல்லியனுப்பலாம், போக்குவரத்தை நிறுத்தலாம். முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை அதட்டிப் பேச மாட்டார்கள். இவர் பதறி எழுந்தார்.

"உக்காருங்க" என்றார் அப்பா. "நான் மாமனாரா வரல. ஓட்டுப் போட்டவனா வந்திருக்கேன். யாரு வேணா திட்டலாமுல்ல?"

"திட்டலாம் மாமா" என்று இவர் உட்கார்ந்தார். மாமனார் நிற்க மாப்பிள்ளை உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

அப்பா திட்டினார். வரி கட்டுவது யார், வாய்க்கால் வெட்டுவது யார், விளையாத வருஷத்தில் குத்தகையைத் தள்ளுபடி செய்தது யார் என்று கேட்டார். இரும்பு விற்கிறவருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்றார். கடைசியாக, "எம்பொண்ணுக்குக் கல்யாணத்துல நான் மஞ்சக்காணியாக் கொடுத்த நிலமும் அதுல அடங்குது. அது தெரிஞ்சுதான் பேசினீங்களா?" என்றார்.

"தெரியும் மாமா. ஆனா அது அவளோட சொத்து. அதைப் பத்தி அவதான் சொல்லணும்."

கூட்டம் மொத்தமும் திரைச்சீலையைப் பார்த்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊரையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பேசுகிற மனிதர், என் நிலத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததை இப்போது கடைத்தெருவில் வைத்துக் கேட்கிறார். உள்ளே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த நிலத்தில் பயிர் வைப்பவர்களை எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவர்கள் அவர்கள். திரையை விலக்கிக்கொண்டு வந்தேன்.

"என் நிலத்துல இருக்கறவங்கள எழுப்ப வேணாம்ப்பா" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். வீட்டுக்குள் வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

அன்று ராத்திரி நான் போட்ட சண்டையை எழுதி மாளாது. "முன்னாடியே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்றார். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அவர் எடுத்த முடிவுகளில் நான் இன்றுவரை மன்னிக்காதது அது ஒன்றுதான். குத்தகைக்காரர்களுக்காகப் பேசியதை அல்ல, என்னைக் கேட்காததை.

அந்த வருஷம் தீபாவளிக்கு அழைப்பு இல்லை. பொங்கல் சீர் வரவில்லை. தம்பிக்குக் குழந்தை பிறந்ததை மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வாசலில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன், ஆணி வாங்க யாராவது வந்திருப்பார்கள். அப்பா தன் நிலத்திலிருந்து ஒருவரையும் எழுப்பவில்லை என்று பிறகு காதில் விழுந்தது. மனம் மாறினாரா, என் பேச்சுக்காக விட்டாரா, ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற கூச்சமா, தெரியாது. என்னோடு பேசாதவரைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்?

அடுத்த தேர்தல் வந்தது. இவர் மறுபடி நின்றார். சாராயக்கடைக்காரர் எதிர்த்து வேலை செய்தார், நிலக்காரர்கள் எதிர்த்தார்கள். நான் அப்பாவின் நிலம் இருந்த ஊர்ப் பக்கம் ஓட்டுக் கேட்கவே போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஓட்டுப் பதிவு அன்று அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இவர் போய்த்தானே ஆக வேண்டும். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன். புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். அப்பா ஓட்டுப் போட்டுவிட்டுப் படியிறங்கி வந்தார். இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நேராக இவரிடம் வந்தார்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு நான் போடல" என்றார்.

"தெரியும் மாமா" என்றார் இவர், கைகூப்பி.

"சொல்லாம இருக்கக் கூடாதுல்ல, அதான் சொன்னேன்." அப்பா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்துடுங்கம்மா."