உடைப்பில் நின்றவள்

காரிமங்கலத்தில் ஒரு அச்சாபீஸில் மரக்கட்டையில் படம் செதுக்குவது அப்துல் சுபானின் வேலை. மாட்டுச்சந்தை நோட்டீஸுக்குக் காளை, சோப்புக் கம்பெனிக்குத் தாமரை என்று ஊர் கேட்டதையெல்லாம் செதுக்கிச் செதுக்கித் தோள்பட்டை இற்றுப்போயிருந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், மழை பொய்த்த கோடையில்தான் மனுஷன் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு கட்டையை எடுத்தார்.

தனக்கென்று என்பதும் பொய்தான், மனைவி ரோஷன் பீக்காகத்தான். பக்கவாதம் வந்ததில் அவளுக்கு வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஊட்டினால் விழுங்குவாள், விட்டத்தையே பார்த்துக் கிடப்பாள். தன்னை அவளுக்கு அடையாளம் தெரிகிறதா இல்லையா என்பதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

மண்டியில் கடலைக்காய் உடைக்கப் போன காலத்தில் அவளுக்கு ஒரு பாட்டு பிடித்துப்போயிருந்தது. ஏரி உடைத்துக்கொண்டபோது, எத்தனை மண் கொட்டியும் அடைபடாததால், தானே உடைப்பில் போய் நின்று கரையாகிவிட்ட ஒருத்தியின் கதை. அடுப்படியிலும் அதையேதான் முணுமுணுப்பாள். அந்த ஏரிக்காரியைப் படமாகக் காட்டினால் ஒருவேளை இவள் முகத்தில் ஏதாவது தெரியலாம்.

அந்தப் பாட்டைப் பாடியவள் மண்டியில் கூட வேலை பார்த்த கண்ணம்மாள். பார்க்க வந்தவள் சும்மா இருப்பாளா?

"ஏனுங்க பாய், நோயாளிக்கு வைத்தியம் பாக்காம படம் போட்டுக்கிட்டு இருக்கறீங்க?"

"வைத்தியமும் பாக்கறேன் கண்ணம்மா. வூடு பூரா மருந்துதான் கெடக்குது."

வேலை முடிந்து வந்து, சலித்த கையோடு செதுக்கினார். நல்லாயிருந்த காலத்தில் ரோஷன் பீ எப்படி நிற்பாளோ அப்படியே அந்த ஏரிக்காரியையும் நிற்க வைத்தார். கட்டையில் மை தடவி, தாளை வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்து எடுத்து ரோஷன் பீயின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

வெகுநேரம் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. இடது கையை மெல்லத் தூக்கிப் படத்தில் இருந்தவளின் தோளைத் தட்டினாள். பிறகு தன் இடது தோளில் கிடந்த மாராப்பை இழுத்துக் காட்டினாள்.

அப்போதுதான் சுபானுக்கு உறைத்தது. கட்டையில் இடது தோளில் செதுக்கிய மாராப்பு, தாளில் வலது தோளுக்கு வந்திருந்தது. அச்சில் இடம் வலமாகும் என்று ஆயுசு முழுக்க எல்லாவற்றையும் திருப்பிச் செதுக்கிய கை, அவள் நினைப்பில் இந்த ஒன்றை மட்டும் நேராகச் செதுக்கித் தொலைத்திருக்கிறது.

ஊரே மெச்சிய வேலையிலும் நொட்டை கண்டுபிடித்து, "இதுவும் ஒரு வேலையா?" என்று கேட்கிற ஒரே ஆள் ரோஷன் பீதான். இப்போதும் அதே பார்வை பார்த்தாள்.

"தப்புதான் ரோஷன். மாத்திச் செதுக்கறேன்" என்றவர் அவள் காலடியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.