பிள்ளை மடுவத்து ஜன்னல்

போன திங்கட்கிழமை என் மகளை நர்சரியில் சேர்த்தேன். நுவரெலியாக் குளிரில் மூக்கு சிவந்து, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. நர்சரி மிஸ் பழகிய கையோடு அவளைத் தூக்கிக்கொண்டார்.

"நீங்க போயிருங்க டீச்சர். திரும்பிப் பார்க்காம போங்க. அம்மா முகம் தெரிஞ்சாத்தான் அழுவாங்க."

போனேன். எவ்வளவு தூரம்? கேட்டுக்கு வெளியே, சைப்ரஸ் வேலியின் மறைவு வரைக்கும்! உள்ளே அழுகை கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. எனக்குத்தான் நிற்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த த்ரீவீலர்காரர் வேகத்தைக் குறைத்து, "எங்கம்மா போகணும்?" என்றார். கேட்கிற நேரமா அது?

அங்கே நின்றபோதுதான் புனிதாவை நினைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து குமரன் என்ற இளம் ஆர்க்கிடெக்ட் வந்தார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு 'நிலைபேறான கட்டட வடிவமைப்பு' சொல்லித்தரப் போகிறாராம். வெளிநாடுகளில் இதைச் சம்மர் புரோகிராம் என்பார்களாம். எங்கள் ஆகஸ்ட்டில் சம்மர் எங்கே இருக்கிறது? பிள்ளைகள் குடையோடும், தலையில் கவிழ்த்த உரப்பையோடும் வந்து சேர்ந்தார்கள்.

"நிலைபேறானன்னா என்ன சார்?" என்றான் ஒருவன்.

"வெயிலோட, காத்தோட, மழையோட சண்டை போடாத வீடு" என்றார் குமரன். பெரிய வார்த்தைக்குள் ஒளிந்துகொள்கிற ஆள் இல்லை. அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது.

முதல் நாள் ஆளுக்கொரு வீடு வரையச் சொன்னார். வரைந்தார்கள். எல்லா வீட்டுக்கும் முன்சுவரில் மட்டும் ஜன்னல். மற்ற மூன்று சுவர்களும் மொட்டை!

"பக்கத்துச் சுவர்ல ஏன் ஒருத்தருமே ஜன்னல் வைக்கல்ல?"

பிள்ளைகள் அவரை விநோதமாகப் பார்த்தார்கள். "பக்கத்துல ஆளுங்க இருப்பாங்களே சார்!"

லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை அறைகளில், பிறந்த பிள்ளைகள். இடப்பக்கச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு குடும்பம், வலப்பக்கம் இன்னொன்று, பின்னாலும் ஒன்று. தனி வீடு வரையச் சொன்னாலும் பக்கத்து வீட்டுக்காரர் கூடவே வந்துவிடுகிறார்! நான் சிரித்துவிட்டேன். நானும் லயத்தில் பிறந்தவள்தான்... பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டேன்.

வரைவதோடு நிற்காமல் ஒன்றைக் கட்டியும் காட்ட வேண்டும் என்று குமரனுக்கு ஆசை. ஆனால் வீடு கட்ட நிலம் வேண்டுமே? நிலமெல்லாம் தேயிலைத் தோட்டத்துடையது. கேட்டுப் பார்த்ததில், தோட்டத்து மேனேஜரான துரை, பிள்ளை மடுவம் இருந்த இடத்தைக் கொடுத்தார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுப் போகிற இடம் அது. தகரச் சுவர்; எட்டாத உயரத்தில் இரண்டு காற்றுத் துளைகள். அதை எடுத்துவிட்டு மண்கல்லில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்றார்.

புது மடுவத்துக்கு ஆளுக்கொரு படம் வரைந்தபோது, புனிதாவின் படத்தில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. அதிகம் பேசாத பிள்ளை. மேற்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பெரிதாக ஒரு ஜன்னல் வைத்திருந்தாள்.

குமரன் பென்சிலால் அதைத் தட்டினார். "மழையும் காத்தும் இந்தப் பக்கத்தால தானே அடிக்குது? பிள்ளைகளுக்குச் சளி பிடிச்சிடும். கிழக்குல வைங்க. காலை வெயில் வரும்."

"கிழக்கால ரோட்டுதான் சார் இருக்கு."

"மேற்கால?"

"மலை சார். அம்மாங்கல்லாம் கொழுந்து எடுக்கிறது அங்கதான்."

அவள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "நானும் அந்த மடுவத்துலதான் இருந்தேன். சத்தம் மட்டும் கேக்கும். கங்காணி சத்தம், பொம்பளைங்க சிரிக்கிற சத்தம். அதுக்குள்ள எங்கம்மா சத்தம் எதுன்னு தேடிக்கிட்டே இருப்பேன்."

அவள் எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும். அந்த ஜன்னல் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மழைக்கும் காற்றுக்கும் அதெல்லாம் புரியுமா?

மடுவத்து ஆயா செய்தி கேள்விப்பட்டு வகுப்புக்கே வந்துவிட்டார். "ஏம்மா புனிதா, ஒனக்கு ஏதும் புத்தி பெரண்டுருச்சா? அம்மாவ கண்ணுல பாத்தா ஒரு புள்ளயாவது சும்மா இருக்குமா? அம்புட்டும் கெடந்து கத்தும். யாரு தூக்கி வச்சிக்கிறது, ஒங்க சாரா?"

குமரன் கொஞ்சம் பயந்துதான் போனார்.

இரண்டு நாள் படத்தை அழிப்பதும் வரைவதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் குமரனிடம் போனாள். "தொறக்காத ஜன்னல் வைக்கலாமா சார்? கண்ணாடி மட்டும். மேல கூரைய நல்லா வெளிய நீட்டிட்டா மழை அடிக்காது. காத்துக்கும் வெயிலுக்கும் கெழக்கால தனியா ஒண்ணு." கண்ணாடிக்கு எங்கே போவது? மூடிக்கிடந்த பழைய தேயிலை ஃபாக்டரியின் மாடி முழுக்க ஜன்னல்தான். பையன்கள் துரையிடம் கேட்டு நான்கைந்தைக் கழற்றி வந்தார்கள். புதிதாக எதையும் வாங்காமல் கட்டுவதும் பாடத்தில் ஒரு பகுதி என்று குமரனுக்கு ஒரே சந்தோஷம்.

கட்டி முடிக்க அடுத்த ஏப்ரல் ஆனது. குமரன் கேமராவோடு வந்திருந்தார். முதல் நாள் காலை. அன்று அந்த மலையில்தான் கொழுந்து. ஆயா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு யுத்தத்துக்குத் தயாராக நின்றார்.

பிள்ளைகள் கண்ணாடிக்கு ஓடினார்கள், தவழ்ந்தார்கள். தட்டினார்கள். ஒருத்தி கண்ணாடியை நக்கிப் பார்த்தாள். "ம்மா... ம்மா..." என்று இரண்டொரு அழுகை. பிறகு? அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டதோ என்னவோ, ஒவ்வொன்றாகத் திரும்பி விளையாடப் போய்விட்டன. ஆயாவுக்கே நம்ப முடியவில்லை.

சத்தம் மலையிலிருந்துதான் வந்தது. "அங்கிட்டு என்னா பார்வ? கொழுந்து என்னா மடுவத்துலயா மொளச்சிருக்கு?" என்று கங்காணி கத்திக்கொண்டிருந்தார். வெளியே வந்து பார்த்தோம். தேயிலைச் செடிகளின் நிரையில் நின்ற பெண்களுக்குக் கை கொழுந்தில், கண் எங்கள் பக்கம். ஒருத்தி கையசைத்தாள். கத்தி முடித்த கங்காணியும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவருடைய பேரன் உள்ளே இருந்தான்!

பிள்ளைகளின் ஏக்கத்தைப் பற்றி எவ்வளவு பேசியிருப்போம்? தாய்மாரை ஒருவராவது நினைத்தோமா?

புனிதாவைக் காணவில்லை. மலையில் ஏறிக்கொண்டிருந்தாள். நிரைக்குள் போய், பெண்களோடு நின்று, மடுவத்தைப் பார்த்தாள். நீண்ட நேரம் நின்றாள். இறங்கி வந்தபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"மேலேருந்து ஒவ்வொரு மூஞ்சியும் தெரியுது டீச்சர். எங்கம்மாவும் இப்படித்தானே பாத்திருப்பாங்க? அவங்களுக்கு வெறும் தகரந்தானே தெரிஞ்சிருக்கும்..."

அவளைப் பிடித்து அணைத்துக்கொண்டேன்.

சற்றுப் பொறுத்துக் குமரனிடம் ஒரு போட்டோ கேட்டாள். குவைத்துக்கு அனுப்பவாம். அவரை மலையில் ஏற்றி, நிரைக்குள் நிற்கச் சொன்னாள். அவள் மடுவத்துக்குள் போனாள். பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

பிள்ளை மடுவத்துக்கு வயதெல்லை உண்டு என்று யார் சொன்னது?