என் வீடியோவுக்கு எவனோ போட்ட குரல்

இன்னைக்குக் காலையில செண்பகனூர்ல பஸ் ஏறினேன். பக்கத்துல உக்காந்திருந்த காலேஜ் பொண்ணு போன்ல ஒரு வீடியோ பார்த்துட்டு இருந்தா.

எட்டிப் பார்த்தா, என் ஸ்கிரீன்!

கோட் எடிட்டர்ல தமிழ் எழுத்துப்பிழையைக் காட்டுறதுக்கு நான் ஒரு எக்ஸ்டென்ஷன் செஞ்சிருக்கேன்ல, அதை எப்படிப் பயன்படுத்துறதுன்னு போன மாசம் நானே பேசிப் போட்ட வீடியோ. ஃபோல்டருக்கு வச்ச என் மக பேரு கூட அப்படியே கெடக்கு.

"இது நான் செஞ்ச வீடியோம்மா"ன்னேன்.

அவ இயர்போனைக் கழட்டி என் காதுல வச்சா. "ஆம்பளக் குரலா இருக்கேக்கா?"

ஆமா. எவனோ பேசுறான்.

சேனல் பேரை வாங்கி அங்கிருந்தே மெசேஜ் போட்டேன். பஸ் மூஞ்சிக்கல் போறதுக்குள்ள பதில் வந்துருச்சு.

"மேடம், கன்டென்ட் சூப்பர். உங்க பேச்சுலதான் ஊர் வாடை அடிக்குது. அதான் ஏஐ வச்சு நல்ல குரலா மாத்திட்டேன். உங்களுக்கும் இலவச விளம்பரம்தானே?"

இன்னொரு தடவை படிச்சுப் பார்த்தேன்.

பனியில தொண்டை கட்டிக் கெடந்தப்பவும், ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் பேசிப் பதிஞ்சேன். அது வாடையாம்.

வீடியோவை எடுக்கச் சொன்னேன், மாட்டேன்னுட்டான். அந்த வீடியோ தளத்துலயே புகார் கொடுத்துட்டேன். அந்தப் பொண்ணும் தன் பங்குக்கு ஒண்ணு கொடுத்துட்டுத்தான் இறங்கினா.

இப்பத்தான் அவன்கிட்ட இருந்து இன்னொரு மெசேஜ்:

"மேடம், பார்ட் டூ எப்பப் போடுவீங்க?"

என்ன பதில் போடலாம், கமெண்ட்ல சொல்லுங்க. மரியாதை கொஞ்சம் கொறைஞ்சாலும் பரவாயில்ல.