காட்டில் விரித்த சஹன்

யானை பார்ப்பதற்கு விமானம் ஏற வேண்டுமா என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இறக்காமத்தில் எங்கள் வயலுக்கு யானை தானாகவே வரும். வராமல் இருப்பதற்குத்தான் வெடி வாங்க வேண்டும். ஆனால் மருமகன் கென்யாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். என்னையும் மனைவியையும் அங்கே கூப்பிட்டு, ஒரு தனியார் சரணாலயத்துக்குள் இருக்கும் விடுதியில் தங்க ஏற்பாடும் செய்துவிட்டார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் எங்களோடு வந்தாள். கல்முனைக் கடையை மூத்தவனிடம் விட்டுவிட்டு வந்த எனக்கு, காடு என்றால் தெரியாததா என்ற ஒரு மிதப்பு இருந்தது.

கூடாரத்தில்தான் படுக்கை என்றார்கள். போய்ப் பார்த்தால் எங்கள் வீட்டு ஹோலை விடப் பெரிய கூடாரம். கட்டில், சுடுதண்ணீர்க் குழாய் எல்லாம் உள்ளேயே. மனைவி எதையும் தொடாமல் கிப்லா எந்தப் பக்கம் என்று தேடினாள். ஊரில் மேற்கே பார்த்துத் தொழுது பழகியவர்கள் நாங்கள்; அங்கே வடக்கே பார்த்து நிற்க வேண்டுமாம். அதைக் காட்டித் தந்தவர் எங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வழிகாட்டி. உயரமான, மெலிந்த இளைஞர். வாசலில் நின்று ஸலாம் சொன்னார். அந்த ஸலாத்தைக் கேட்டதும் எங்களுக்கு அவர் சொந்தக்காரராகிவிட்டார்.

அந்த மாதம்தான் விருந்தினரைத் தனியாகக் கூட்டிப்போக அவருக்கு அனுமதி கிடைத்ததாம். அதற்கு முன் பல வருடம் வாகனம் கழுவினாராம். சொல்லும்போது சட்டைப் பையில் குத்தியிருந்த பித்தளைச் சின்னத்தைத் தொட்டுக் காட்டினார். என் மகன் முதல் சம்பளம் எடுத்த அன்று இருந்த முகம் அவருக்கு.

மறுநாள் பகல், ஒரு பெரிய முள்மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பாட்டை இறக்கினார். நாங்கள் கேட்டபடி சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் வந்திருந்தன. மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த மாசிக் கருவாட்டுச் சம்பல் போத்தலைத் திறந்தாள். அவர் துப்பாக்கியோடு சற்றுத் தள்ளிப் போய், புதர்ப் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டார்.

எங்கள் பகுதியில் கல்யாண வீடென்றால் சஹன் வைப்போம். பெரிய தட்டில் சோற்றைக் குவித்துச் சுற்றிவர இருந்து, எல்லோரும் அதிலேயே கை வைத்துத் தின்பது. அறுவடை நேரம் வயலிலும் அப்படித்தான். வயல்காரனும் காவல்காரனும் ஒரே தட்டு. கூப்பிட்டால் யாரும் உடனே வந்து உட்கார மாட்டார்கள். வேணாம் என்பார்கள், வயிறு நிறைந்திருக்கிறது என்பார்கள். அது மரியாதைக்கு. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டும். இழுக்காமல் விட்டால், கூப்பிட்டது வெறும் வாய்ப்பேச்சு என்று அர்த்தம்.

"வாங்க தம்பி, இரிங்க" என்றேன். மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். மறுபடி கூப்பிட்டேன். நெஞ்சில் கை வைத்து மறுத்தார். மறுபடியும் கூப்பிட்டபோது மகளிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

"வாப்பா, அவருக்கு இரிக்கேலாதாம். சட்டமாம். விடுங்களன்."

"சட்டமெல்லாம் லொட்ஜுக்குள்ள. ஒரு மனிசன நிக்க வெச்சிட்டு நாம தின்னுறதா? நீ சும்மா இரு மகள்."

பெண்கள் இருவரும் தங்கள் சோற்றுக் கோப்பையோடு ஒரு பக்கம் ஒதுங்கினார்கள். நான் பெரிய தட்டில் எனக்கும் அவருக்குமாகச் சோற்றைக் கொட்டினேன். எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "தம்பி, அல்லாஹ்க்காக ஒரு பிடி."

அந்த ஒரு சொல் அவருக்கு விளங்கியது. துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்போது எனக்கு வந்த பெருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சம்பலின் உறைப்பில் அவர் கண் கலங்க, நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஹோர்ன் சத்தம். விடுதியின் இன்னொரு வாகனம் புல்லுக்குள்ளால் பாய்ந்து வந்தது. திரும்பிப் பார்த்தால், அவர் முதுகுக்குப் பின்னால், புதரை விட்டு வெளியே ஒரு காட்டெருமைக் கிடா தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தபடி நின்றது. அவர் சோற்றுக் கையோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய் நின்றார். வாகனம் குறுக்கே வந்து நின்றது. எருமை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் புதருக்குள் திரும்பியது. மனைவி கலிமாவை விடாமல் ஓதிக்கொண்டிருந்தாள்.

வாகனத்திலிருந்து இறங்கியவர் விடுதியின் முகாமையாளர், அந்த நாட்டுப் பெண். வழிகாட்டியிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"கறுப்பு மனிசன் விருந்தாளியோட இரிந்து தின்னக் கூடாதா? வெள்ளைக்காரன் போயும் அவன்ட புத்தி போகல்லியா எண்டு கேளு மகள்!"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்த கடை ஆங்கிலத்தில் நானே கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான், யாருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டேன் என்பது உறைத்தது.

முகாமையாளர் எனக்கு விளங்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். தானும் இவரும் தினமும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவதாகச் சொன்னார். விருந்தினரின் கால் தரையில் இருக்கும்வரை வழிகாட்டி உட்காரக் கூடாது, காட்டைப் பார்க்க அவரை விட்டால் வேறு கண் இல்லை என்றார். என் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு முகாமையாளரின் அறைக்குப் போனேன். பிழை என்னுடையது என்றேன்.

"ஆம், உங்களுடையதுதான்" என்றார். "ஆனால் விருந்தினரின் பிழைக்கு இங்கே தண்டனை இல்லையே."

மறுநாள் காலை அந்த இளைஞர் வாகனம் கழுவிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் பித்தளைச் சின்னம் இல்லை. ஸலாம் சொன்னேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்து, சம்பல் நல்ல ருசி என்று மனைவிக்குச் சொல்லச் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒரு முஸ்லிம் தட்ட மாட்டான் என்று தெரிந்துதான் நான் அதைச் சொன்னேன். அவர் உண்மையாகவே வேண்டாம் என்று சொன்னதை, என் ஊர் மரியாதை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று எங்களுக்கு வேறொரு வழிகாட்டி வந்தார். சிங்கத்தின் தடம் தெரிந்த இடத்தில் வாகனத்தை நிறுத்தி, தனியாக இறங்கி, குனிந்து பார்த்தபடி புல்லுக்குள் நடந்து போய் வந்த மனிதர். பகல் சாப்பாட்டை இறக்கி வைத்தவர், மூடியைத் திறக்குமுன்பே விலகிப் போய்விட்டார். நான் தண்ணீர் எடுக்கத்தான் எழுந்தேன். அதைக் கண்டதும் இன்னும் பின்னால் நகர்ந்தார்.

"சிங்கத்துக்கே பயப்புடாத ஆள்," என்றாள் மனைவி, "இப்ப எதுக்குப் பயந்து ஒதுங்குறாரு?"

மகள் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வாப்பாவுக்கு" என்றாள்.